தேனுக்கு நியாயமான சில்லறை விலை எது?

(கல்வராயன் மலையிலும் அதன் அடிவாரத்திலும் உள்ள சிறு உற்பத்தியாளர் கவனத்திற்கு)

எழுதியவர்: கள்ளக்குறிச்சி விவசாய டிமான்ஸ்டிரேட்டர்

விவசாயத்திற்கு உபதொழிலாகத் தேனீ வளர்ப்பதன் அனுகூலங்களை நம் குடியானவர்கள் இப்போது நன்கு அறிந்திருக்கிறார்கள். பெட்டி வைப்பது, கூட்டம் பிடிப்பது, ராணி ஈயைக் காப்பது, எறும்பையும் மெழுகுப் பூச்சியையும் தடுப்பது ஆகிய விஷயங்களைப்பற்றிச் சொல்லுவோரும் எழுதுவோரும் பலர் உளர். ஆனால் இவ்வளவு சிரமப்பட்டு எடுத்த தேனை என்ன விலைக்கு விற்பது என்னும் விஷயத்தை யாரும் விரிவாய் ஆராய்வதில்லை. தேன் எடுக்கத் தெரிந்தவனுக்கு விற்கவும் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடுகிறோம். உண்மை அவ்வாறில்லை. பெட்டி வைத்த இரண்டொரு வருஷங்களில் அதைக் கைவிட்டவர்களை விசாரித்தால், ஈக்கள் ஓடிப்போனதைக் காரணமாகச் சொல்லுவோரும் உண்டு. “தேன் கிடைத்தது, காசு கிடைக்கவில்லை” என்று சொல்லுவோரும் உண்டு. பின்னவர்களின் குறை ஈக்களைச் சேர்ந்ததன்று, விலையைச் சேர்ந்தது. அதைப்பற்றியே இங்கு எழுத உத்தேசிக்கிறேன்.

இவ்விஷயத்தில் என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சிறு உற்பத்தியாளன் தன் தேனின் சில்லறை விலையைத் தன் செலவுக் கணக்கிலிருந்து தானே நிர்ணயிக்க வேண்டும். அதைக் கிலோ எடைக்கு நிர்ணயிக்க வேண்டும். நிர்ணயித்த விலையை வீட்டுத் திண்ணையிலும், சந்தையிலும், கடையிலும் ஒன்றாகவே வைத்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றும் இல்லாதவரையில் தேனீ வளர்ப்பு நமக்கு ஓர் உபதொழிலாய் நில்லாது; ஒரு விளையாட்டாகவே கழிந்துபோகும்.

இப்போதுள்ள நிலைமை

நம் பகுதியில் இருவகைத் தேன் விலைக்கு வருகிறது. ஒன்று, மலையிலுள்ள மக்கள் பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் கட்டும் மலைத் தேனீயின் அடையிலிருந்து எடுத்துவரும் காட்டுத் தேன். மற்றொன்று, பொந்துகளில் அடுக்கடுக்காய் அடை கட்டும் நாட்டுத் தேனீயைப் பெட்டியிற் குடியேற்றி எடுக்கும் பெட்டித் தேன். இந்நாட்டுத் தேனீக்குத் தென்னாட்டில் வழங்கும் சிறிய பெட்டி, திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளிற் கிராமத்தாருக்குத் தேனீ வளர்ப்பைப் பயிற்றிய காலத்தில் அமைத்துப் பரப்பியதாகும். ஆகவே பெட்டித் தேன் நமக்குப் புதிய சரக்கன்று. ஆயினும், அதன் விலை இன்றளவும் வாங்குவோன் வாயிலிருந்தே பிறக்கிறது.

எவ்வாறெனில், விற்பவன் சந்தைக்குத் தேன் கொண்டுவரும்போது அவன் மனத்தில் ஒரு விலை இருப்பதில்லை. “போன வாரம் எவ்வளவுக்குப் போயிற்று?” என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கிறான். அவனும் அவ்வாறே பிறனொருவனைக் கேட்டவன். வியாபாரி ஒரு தொகையைச் சொல்லுகிறான்; சிறிது இழுத்துப்பேசி அதற்கே கொடுத்துவிட்டுத் திரும்புகிறான். நெல்லுக்கும், மரவள்ளிக்கும், கரும்புக்கும் ஏர்க்கூலி, விதை, எரு, களை, அறுப்பு என்று விரல் மடக்கிக் கணக்குச் சொல்லும் அதே குடியானவன், தேனுக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை. “ஈக்கள் தாமே கொண்டுவந்து வைப்பதுதானே” என்கிறான். மழை தானே பெய்கிறது என்பதற்காக நெல்லை யாரும் இனாமாய்க் கொடுப்பதில்லை.

செலவுக் கணக்கு

ஆகையால் முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்துப் பெட்டி வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் கணக்கு முறையை விளக்குவதற்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தத்தம் ஊரின் கூலியையும் விலையையும் இட்டு இவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும். முறை மட்டும் மாறாது.

1. பெட்டி, தாங்குகால், அதிலுள்ள ஈக்கூட்டம் ஆகியவற்றிற்குப் பெட்டி ஒன்றுக்கு 3,000 ரூபாய் வீதம் பத்துக்கு 30,000 ரூபாய். பெட்டி ஆறு வருஷம் உழைக்குமென்று வைத்தால் வருஷத்திற்கு 5,000 ரூபாய்.

2. தேன் எடுக்கும் இயந்திரம், புகைப்பான், முகவலை, கத்தி ஆகியவற்றிற்கு 6,000 ரூபாய். இதையும் ஆறு வருஷத்தில் வகுக்க, வருஷத்திற்கு 1,000 ரூபாய்.

3. பத்தில் இரண்டு கூட்டங்கள் ஓடிப்போகுமென்று கொண்டு, வேறு கூட்டம் சேர்க்க 2,000 ரூபாய்.

4. பூவில்லாத அடைமழை நாட்களில் ஈக்களைக் காப்பாற்றப் பெட்டிக்கு மூன்று கிலோ சர்க்கரை; ஆக 30 கிலோ, கிலோ 45 ரூபாய் வீதம் 1,350 ரூபாய்.

5. மெழுகுத் தாள், எறும்புக் கிண்ணம் முதலிய சில்லறைச் சாமான்களுக்கு 650 ரூபாய்.

6. உழைப்பு: வாரம் மூன்று மணி நேரம் பெட்டிகளைப் பார்வையிடுவதும், தேன் எடுக்கும் நாட்களும் சேர்ந்து வருஷத்தில் 24 ஆள்நாள். நாளொன்றுக்கு 400 ரூபாய் வீதம் 9,600 ரூபாய்.

மொத்தம் 19,600 ரூபாய். பெட்டிக்கு ஆறு கிலோ வீதம் 60 கிலோ தேன் கிடைத்தால், பெட்டியிலிருந்து எடுத்து வைத்த தேனுக்கே கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 327 ரூபாய் அடக்கம் ஆகிறது. கடன் வாங்கிப் பெட்டி வைத்தவர் இதனோடு வட்டியையும் சேர்க்க வேண்டும்.

இக்கணக்கில் ஆறாவது இனத்தைக் கண்டு சிலர் நகைக்கக்கூடும். “என் வேலைக்கு நானே கூலி கொடுத்துக்கொள்வதா?” என்பார்கள். ஆனால் மொத்தச் செலவிற் பாதிக்குச் சற்றேறக்குறைய வருவது இவ்வினமே என்பதைக் கவனிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் அடக்கம் கிலோ 167 ரூபாயாய்த் தோன்றும். 250 ரூபாய்க்கு விற்றவன் 83 ரூபாய் லாபமென்று மகிழ்வான். உண்மையில் அவன் தன் கூலியிலேயே பாதியை வாங்குவோனுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறான். அந்த 24 நாட்களில் வேறொருவர் நிலத்தில் வேலை செய்திருந்தால் கூலி கையில் வந்திருக்கும். மனைவியும் மக்களும் வடிகட்டவும் புட்டி கழுவவும் செலவிடும் நேரமும் இவ்வாறே கணக்கிற் சேரவேண்டியதாம்.

சில்லறை விற்பனையின் கூடுதற் செலவு

இவ்வளவும் தேன் பாத்திரத்தில் இருக்கும்போது உள்ள அடக்கம். சில்லறையாய் விற்பதற்கு மேலும் செலவு உண்டு. கிலோ ஒன்றுக்குப் புட்டி, மூடி, சீட்டு ஆகியவற்றிற்கு 25 ரூபாய். வடிகட்டுவதிலும் பாத்திரத்தில் ஒட்டுவதிலும் உண்டாகும் சேதத்திற்கு 7 ரூபாய். சந்தை நாளில் பத்துக் கிலோ விற்பதாக வைத்தால், பேருந்துச் செலவும் அரைநாட் கூலியும் சேர்ந்து கிலோவுக்கு 26 ரூபாய். ஆகச் சில்லறை அடக்கம் 385 ரூபாய். இதற்குக் குறைந்து விற்பவன் கைப்பொருளை இழக்கிறான்.

இனி, 385 ரூபாய் அடக்கமென்றால் 450 ரூபாய்க்கு விற்கலாமே என்று தோன்றும். திண்ணையில் விற்பவனுக்கு அது சரியே. ஆனால் முழுத் தேனையும் திண்ணையில் விற்றுவிட முடியாது. ஒரு பகுதியைக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டியிருக்கும். கடைக்காரர் நூற்றுக்கு 20 வீதம் எடுத்துக்கொள்வதாக வைப்போம். 450 ரூபாயில் அவருக்கு 90 போக, நமக்கு வருவது 360. சந்தைச் செலவு 26 ரூபாய் மிச்சமாவதால் நம் அடக்கம் 359. ஆகவே மிஞ்சுவது ஒரு ரூபாய்! விலையை 500 என்று வைத்தால் கடைக்காரருக்கு 100 போக 400 ரூபாய் வரும். 41 ரூபாய் மிஞ்சும்.

சிலர் இச்சங்கடத்தைத் தீர்க்கக் கடையில் ஒரு விலையும் வீட்டில் அதிற் குறைந்த விலையும் வைக்கிறார்கள். இது மிகவும் தவறான வழி. கடையில் 500 ரூபாய்க்கு வாங்கியவர், அதே தேனை உற்பத்தியாளரின் வீட்டில் 400 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்பார். கடைக்காரர் அடுத்த தடவை நம் தேனை எடுக்கமாட்டார். சில்லறை விலை என்பது உண்பவர் கொடுக்கும் விலை. அது எங்கும் ஒன்றாய் இருக்க வேண்டும். கடைக்காரருக்கு விடும் தள்ளுபடி அவர் செய்யும் வேலைக்கு உரிய கூலி. அவ்வேலையை நாமே செய்யும்போது அக்கூலி நம்மைச் சேருவதே முறை.

அவ்வாறே உள்ளூராருக்கு ஒரு விலை, மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் வரும் வெளியூராருக்கு ஒரு விலை என்று வைப்பதும் தகாது. வெளியூரார் ஒருமுறை ஏமாறுவார், மறுமுறை வரமாட்டார், தம் சிநேகிதர்களையும் வரவொட்டார். நியாய விலை என்பது விற்போனுக்கு மட்டுமன்றி வாங்குவோனுக்கும் நியாயமாய் இருக்கவேண்டியது.

குறைந்த விளைச்சலும் சேமிப்பும்

மேற்கண்ட கணக்கில் 500 ரூபாய் பேராசை விலையாகும் என்று சிலர் எண்ணக்கூடும். பாதித் தேனைத் தாமாகவும் பாதியைக் கடை மூலமாகவும் விற்றால், 60 கிலோவுக்கும் சேர்த்து வருஷத்தில் மிஞ்சுவது சுமார் 4,700 ரூபாய். அடுத்த வருஷம் பூக்காலத்தில் மழை பெய்து பெட்டிக்கு மூன்று கிலோவே கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். செலவோ பெரும்பாலும் குறைவதில்லை. 19,600 ரூபாயை 30 கிலோவில் வகுத்தால் அடக்கம் 653 ரூபாய். சில்லறைச் செலவு 58 ரூபாயையும் கூட்டி 500 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 211 ரூபாய் நஷ்டம். மொத்தம் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு நல்ல வருஷத்தின் மிச்சம் ஒரு கெட்ட வருஷத்தின் நஷ்டத்தை ஈடு செய்யப் போதவில்லை. ஆகவே நல்ல வருஷத்தில் வரும் மிச்சம் உண்மையில் லாபமன்று. வரப்போகும் நஷ்டத்திற்குச் சேர்த்துவைக்கும் நிதியே. தமிழ்நாட்டிலும் அண்டை நாடுகளிலும் 1991-92 ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்னும் புழுநோய் பரவி நாட்டுத் தேனீக் கூட்டங்கள் ஏராளமாய் அழிந்ததை மூத்த வளர்ப்பாளர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்விஷயத்தில் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தாரின் ஏற்பாடு நாம் சிந்திக்கத்தக்கது. அங்குக் குளிர்காலம் நீங்கும் சில வாரங்களில் மேப்பிள் என்னும் மரத்தைத் துளைத்து, வடியும் நீரைக் காய்ச்சிப் பாகாக்குகிறார்கள். நம் பனைமரத்துப் பதநீரைக் காய்ச்சுவது போன்ற வேலையே அது. ஏறக்குறைய 40 லிட்டர் மரநீர் காய்ந்து ஒரு லிட்டர் பாகு ஆகும். இதுவும் பருவத்தை நம்பிய தொழில். ஒரு வருஷம் மிகும், மறு வருஷம் குன்றும். அவர்கள் தம் உற்பத்தியாளர் சங்கத்தின் மூலம், 2000 ஆம் ஆண்டு முதல், மிகுந்த வருஷத்துப் பாகைக் கிடங்கிற் சேமித்துக் குறைந்த வருஷத்தில் வெளியிட்டு வருகிறார்கள். பீப்பாய்க் கணக்கில் விற்பது சங்கத்தின் வழியாக நடக்கிறது. சிறு கலங்களில் அடைத்துத் தம் வாசலில் உண்போருக்கு நேராய் விற்பதை உற்பத்தியாளர் தாமே செய்துகொள்கிறார். மொத்த விற்பனைக்குக் கூட்டு, சில்லறைக்குச் சுயேச்சை என்னும் இப்பிரிவினை நமக்கும் பொருந்தும். நன்கு முதிர்ந்த தேன் மூடிய பாத்திரத்தில் நெடுநாள் கெடாதிருக்கும் சரக்கானதால், மிகுதியான தேனை வந்த விலைக்குத் தள்ளிவிடவேண்டிய அவசியம் இல்லை.

புட்டிக் கணக்கினால் உண்டாகும் நஷ்டம்

இனி நம் பகுதியில் மிகச் சாதாரணமாயும், மிக அதிக நஷ்டம் தருவதாயும் உள்ள ஒரு வழக்கத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். தேனைப் புட்டிக் கணக்கில் விற்பதே அது. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடை நிற்கும். தேனோ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றேகால் மடங்குக்கும் மேல் கனமானது. ஒரு லிட்டர் தேன் சுமார் 1 கிலோ 400 கிராம் நிற்கும். இதை அறியாமல், தண்ணீர் விற்கும் ஒரு லிட்டர்ப் புட்டியில் தேனை நிரப்பி, “ஒரு கிலோ” என்று எண்ணி விற்கிறார்கள். 500 ரூபாய்க்கு அப்புட்டியைக் கொடுத்தவன், கிலோ 357 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறான். மேற்கண்ட அடக்கமான 385 ரூபாய்க்கும் இது குறைவு. முக்கால் லிட்டர்ப் புட்டியை “முக்கால் கிலோ” என்பாரும் உளர். அதில் இருப்பது 1 கிலோ 50 கிராம். 400 ரூபாய்க்கு அதைக் கொடுத்தால் கிலோ விலை 381 ரூபாயே ஆகும். வியாபாரிக்கு இந்தக் கணக்கு நன்றாய்த் தெரியும். அவர் புட்டிக் கணக்கில் வாங்கி எடைக் கணக்கில் விற்கிறார். பத்துப் புட்டியில் நான்கு கிலோ அவருக்கு இனாம்.

ஆகையால் ஒவ்வொருவரும் முத்திரையிட்ட தராசில் நிறுத்தே தேனை விற்க வேண்டும். சிறு புட்டிகளுக்கு விலை வைக்கும்போது கிலோ விலையை வெறுமனே வகுத்தல் போதாது. அரைக்கிலோவுக்கும் கால் கிலோவுக்கும் தனித்தனிப் புட்டியும் மூடியும் சீட்டும் வேண்டும். கிலோ 500 ரூபாயானால், அரைக்கிலோ 260 ரூபாயும், கால் கிலோ 140 ரூபாயும் வைப்பது பொருந்தும்.

மலைத் தேனும் ஆதார விலையும்

மலையிலுள்ளோர் எடுக்கும் காட்டுத் தேனுக்குப் பெட்டிச் செலவு இல்லை என்பது மெய்யே. ஆனால் கயிறு கட்டிப் பாறையில் இறங்குவதும், இரவில் மரமேறுவதும், நாலைந்து பேர் கூடிப் பல காததூரம் நடந்து சில நாட்களில் வெறுங்கையோடு திரும்புவதும் செலவல்லவா? வெறுங்கையோடு திரும்பிய நாட்களின் கூலியையும், கிடைத்த நாளின் தேன் மேல் ஏற்றிக் கணக்கிட வேண்டும். உயிருக்கு உள்ள அபாயத்தை எந்தத் தொகையாலும் ஈடு செய்ய இயலாது.

சிறு வனப் பொருள்களுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை கொடுக்கும் திட்டம் ஒன்றை மத்திய அரசாங்கம் 2013-14 ஆம் ஆண்டில் தொடங்கியது. 2020 மே மாதத்தில் அவ்விலைகளைத் திருத்தியபோது காட்டுத் தேனுக்குக் கிலோ 225 ரூபாய் என்று குறித்தது. அன்றன்று வழங்கும் விகிதத்தை மலைவாழ் மக்களின் பெரும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்திற் கேட்டறிந்துகொள்ளலாம். இங்குக் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, ஆதார விலை என்பது அதற்குக் கீழே போகலாகாது என்னும் தரைமட்டம். அது சில்லறை விலையன்று. வடிகட்டி, நிறுத்து, புட்டியில் அடைத்த தேனை அவ்விலைக்குக் கேட்பது, நெல்லின் விலைக்கு அரிசியைக் கேட்பது போன்றது. இரண்டாவது, லிட்டர்ப் புட்டிக்கு 250 ரூபாய் கொடுத்து, “ஆதார விலைக்கு மேலேயே கொடுத்தேன்” என்று ஒரு வியாபாரி சொன்னால், அவர் கொடுத்தது உண்மையில் கிலோவுக்கு 179 ரூபாயே. கிலோ 225 வீதம் அப்புட்டிக்கு 315 ரூபாய் கொடுத்திருக்க வேண்டும்.

2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தேனையும் மெழுகையும் சிறு வனப் பொருள்களில் பெயர் சொல்லிச் சேர்த்து, அவற்றைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழும் மக்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. ஆயினும், பருவத்திற்கு முன்பே முன்பணம் வாங்கிக்கொண்டவனுக்கு விலை பேசும் உரிமை எங்கிருந்து வரும்? தேன் அடையில் இருக்கும்போதே அது வியாபாரிக்குச் சொந்தமாகிவிடுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களும் கூட்டுறவுச் சங்கமும் பருவத்திற்கு முன் சிறு கடன் கொடுத்து உதவினால், விலை தானே ஏறும்.

“கடையில் மலிவாகக் கிடைக்கிறதே!”

விலையை உயர்த்தச் சொன்னால் வரும் முதல் ஆட்சேபம் இதுவே. சீட்டு ஒட்டிய தேன் கடையில் இதற்குக் குறைந்து கிடைக்கும்போது நம் தேனை யார் வாங்குவார் என்கிறார்கள். இதற்கு மறுமொழி உண்டு. டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தார் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவில், சோதித்த 13 வியாபாரப் பெயர்களில் 10 பெயர்களின் தேன், அணுக்கரு காந்த ஒத்திசைவு என்னும் நுட்பமான சோதனையிற் தேறவில்லை என்று கண்டனர். சர்க்கரைப் பாகு கலந்த சரக்கோடு தூய தேன் விலையிற் போட்டியிட முடியாது, போட்டியிடவும் கூடாது. அது தரத்தினாலேயே வெல்லவேண்டியது.

ஆனால், தரத்தைச் சொல்லி விலை கேட்பவன் அத்தரத்தைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன். அதற்கு வேண்டியவை இவை:

1. அடையின் அறைகளில் முக்கால் பங்காவது மெழுகு மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும். பச்சைத் தேனில் நீர் மிகுந்து புளித்துப்போகும். உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்படி தேனில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது.

2. சர்க்கரைப் பாகு கொடுப்பது பஞ்ச காலத்திற்கு மட்டுமே. பூக்காலம் தொடங்கு முன் அதை நிறுத்திவிட வேண்டும். தேனறை வைத்திருக்கும்போது கொடுக்கலாகாது. கொடுத்தால், ஈ கொண்டுவைத்தாலும் அது கலப்படத் தேனே.

3. அடையைக் கையால் பிழியாது, இயந்திரத்திற் சுழற்றி எடுத்து, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். காட்டுத் தேன் எடுப்போர் புழுவுள்ள அடைப்பகுதியை நீக்கித் தேனுள்ள பகுதியை மட்டும் வடியவிட வேண்டும்.

4. புட்டியின் சீட்டில் உற்பத்தியாளர் பெயரும் விலாசமும், நிகர எடையும், அடைத்த மாதமும் வருஷமும், அதிகபட்சச் சில்லறை விலையும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். சீட்டில் விலை அச்சிடும் கட்டாயம் நமக்குத் தொந்தரவன்று. பேரம் பேசுவோரிடமிருந்து நம்மைக் காக்கும் வேலி அது.

வாங்குவோரிடமும் சில தவறான எண்ணங்கள் உள. தேன் உறைந்தால் சர்க்கரை கலந்ததென்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். தூய தேனும் குளிரில் உறையும். வெந்நீரில் புட்டியை நிறுத்தினால் இளகும். தீக்குச்சியைத் தோய்த்துக் கொளுத்துவது, தண்ணீரில் சொட்டுவது, எறும்பு மொய்க்கிறதா என்று பார்ப்பது ஆகிய சோதனைகளால் கலப்படத்தை நிச்சயிக்க முடியாது. விற்பவர் இவற்றைப் பொறுமையாய் எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவனுக்கே நல்ல விலை கிடைக்கும்.

நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

ஒருவன் மட்டும் 500 ரூபாய் சொல்ல, பக்கத்திலிருப்பவன் 300 ரூபாய்க்குக் கொடுத்தால், முன்னவன் நியாயம் செல்லாது. ஆகையால் ஒவ்வொரு ஊரிலும் தேன் எடுப்போர் பருவத்திற்கு முன் ஒருநாள் கூடி, தத்தம் கணக்குகளை ஒப்பிட்டு, இவ்விலைக்குக் கீழே விற்பது நஷ்டம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மேலே எவ்வளவு வைப்பது என்பது அவரவர் தரத்தையும் உழைப்பையும் பொறுத்தது. அடக்கத்திற்குக் கீழே விற்பவன் தன்னையும் கெடுத்து அயலானையும் கெடுக்கிறான்.

நிலமுடைய விவசாயிகளுக்கு இதில் தனிப்பட்ட நன்மை ஒன்று உண்டு. பூசணி, பாகல் முதலிய கொடிக் காய்களும், சூரியகாந்தி, தென்னை முதலியவையும் தேனீக்களால் மகரந்தச் சேர்க்கை அடைந்து நன்கு காய்க்கின்றன. பெட்டி வைப்பவன் விலை கிடைக்காமல் தொழிலை விட்டுவிட்டால், அந்த நஷ்டம் அவனோடு நில்லாது. அயல் நிலத்தின் காய்ப்பிலும் தெரியும். ஆதலால், தம் வீட்டுக்கு வேண்டிய தேனை அயலிலுள்ள வளர்ப்பாளரிடம் பேரம் பேசாது வாங்குவது நிலமுடையோரின் சொந்த நன்மைக்கே உரிய காரியம். பூத்திருக்கும் பயிருக்குப் பகலில் மருந்து தெளிக்காதிருப்பதும் அவ்வாறே.

கிராம நிர்வாக அலுவலரும், ஊராட்சித் தலைவரும், சந்தை நடத்துவோரும் செய்யக்கூடிய உதவி சிறிதே ஆயினும் பெரும் பயன் தரும். வாரச் சந்தையில் தேன் விற்போருக்கு நிழலுள்ள ஓரிடம் ஒதுக்கலாம். முத்திரையிட்ட தராசு ஒன்றைப் பொதுவில் வைக்கலாம். “ஒரு லிட்டர் தேன் 1 கிலோ 400 கிராம்” என்றும், அவ்வருஷத்து ஆதார விலை இன்னதென்றும் ஒரு பலகையில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி மாட்டலாம். மலையில் வெள்ளிமலையிலும் கரியாலூரிலும், அடிவாரத்தில் கச்சிராயபாளையத்திலும், கீழே சங்கராபுரத்திலும் கள்ளக்குறிச்சியிலும் இவ்விதம் ஒவ்வொரு பலகை இருந்தால், எழுத்தறியாதவருக்கும் படித்துச் சொல்ல யாரேனும் கிடைப்பார். பலகைக்கு ஆகும் செலவு இரண்டு புட்டித் தேனின் விலைக்கு மேற்படாது. கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி ஜில்லாவாகியதால் காரியாலயங்கள் முன்னைவிட அருகில் உள்ளன. அருகில் வந்த அதிகாரத்தைச் சிறு உற்பத்தியாளருக்குப் பயன்படுத்துவது நம்மைப் பொறுத்தது.

முடிவாக, மேலே கூறியவற்றின் சுருக்கம் இதுவே: செலவை எழுதி வைக்க, தன் உழைப்பிற்கும் வீட்டாரின் உழைப்பிற்கும் கூலி சேர்க்க, கடைக்காரரின் பங்கையும் கெட்ட வருஷத்தின் நஷ்டத்தையும் மனத்திற்கொண்டு விலையிடுக, நிறுத்து விற்க, எல்லோருக்கும் ஒரே விலை சொல்லுக, சொன்ன விலைக்குத் தகுந்த தேனையே கொடுக்க. இப்பருவத்துத் தேன் எடுப்பதற்கு முன்னரே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கணக்கைத் தொடங்குமாறு விவசாயிகளைக் கேட்டுக்கொள்ளுகிறேன். அவ்வாறு எழுதிக்கொண்டு வருவோருக்கு விலையைக் கணக்கிட்டுக் காட்ட நான் எப்போதும் சித்தமாயிருக்கிறேன்.